வாத்தியம் இல்லாத பெரட்டு

மழை ஒரு வாத்தியமா, இல்லையா?

இதை முடிவு செய்ய வடமாநிலத் தமிழ்க் கூட்டுக்குரல் மன்றம் ஒத்திகையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவசரக் கூட்டம் போட்டது. அன்றைக்குத்தான் மருதம்மாளுக்கு, தான் வந்து மாட்டிக்கொண்ட இடம் லேசுப்பட்டதில்லை என்று உறைத்தது.

சுங்கைப்பட்டாணியில் மன்றத்துக்கென்று ஒரு தகரக்கூரைக் கொட்டகை உண்டு. கெடா மாநிலத்தில் பிற்பகல் மழை பிடித்தால் அந்தத் தகரத்தின் கீழே பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் கேட்காது. செயற்குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தலையோடு தலை வைத்துப் பேசியது. பாட வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். உட்காரக் கூடாது, நாற்காலி கிறீச்சிடும். நாற்காலியைப் பற்றிப் போன வாரமே தீர்மானம் ஆகிவிட்டது.

கடைசியில் செயலாளர் லோகேந்திரன் எழுந்தார். ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. வேலை அவரை விட்டாலும் கழுத்துப்பட்டை அவரை விடவில்லை. நாக்கில் அவருடைய அப்பாவின் யாழ்ப்பாணம் இன்னும் மிச்சம் இருந்தது.

"மழை இயற்கை. அதில மன்றத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் தகரம் மனுசன் செய்தது. இயற்கை வந்து மனுசன் செய்ததில மோதினால் அது தாளம். தாளம் வந்தால் வாத்தியம் வந்த மாதிரி. எங்கட நிகழ்ச்சி வாத்தியம் இல்லாத நிகழ்ச்சி. ஆகவே மழை நிக்கும் வரைக்கும் ஒருத்தரும் பாடப்படாது."

லோகேஸ்வரி மருதம்மாளின் தோளோடு ஒட்டி நின்றாள். கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, தூங்காமல் வந்தவள். தூக்கம் இல்லாதபோது அவள் நாக்கு இன்னும் கூர்மையாகிவிடும்.

"ஏன்க்கா, நாம மழையில நனைஞ்சிக்கிட்டே, காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல நின்னுருக்கோம். இவங்க நனையாம நின்னு பாடக்கூட மாட்டாங்களாமே."

"வாய மூடுடி. காரியம் ஆகணும்."

காரியம் இதுதான். சுங்கை லாலாங் தாண்டி உள்ளே போனால் ஆறாங்கட்டைத் தோட்டம். இன்றைக்கு அதில் ஓர் ஓரம்தான் மிச்சம் இருக்கிறது. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். வாங்கிய வீடமைப்பு நிறுவனம் எண்ணெய்ச் செம்பனைகளைச் சாய்த்துவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களில் பாதிக்கு மேல் சுங்கைப்பட்டாணி அடுக்குமாடிகளுக்குப் போய், பாத்திரம் கழுவவும் கையுறை பொறுக்கவும் பழகிவிட்டார்கள். மருதம்மாள், லோகேஸ்வரி, இன்னும் சில குடும்பங்கள் மட்டும் கடைசி லயத்தில் இருந்தார்கள். வீடு போகும் என்று அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காக அழுது முடித்துவிட்டார்கள். அழுது முடியாதது மேட்டில் இருந்த சுடுகாடு. புதைக்கிற இடம்தான், ஆனாலும் தோட்டத்தில் அதற்குச் சுடுகாடு என்றே பேர். மருதம்மாளின் புருசன் மணியம் அங்கேதான் கிடந்தார். குலை வெட்டும்போது மட்டை சரிந்து கழுத்தில் விழுந்து செத்த மனுசன். நிறுவனத்தின் வண்ணப்படத்தில் அந்த மேட்டின் மேலே ஒரு வெள்ளைக்காரி நாயைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள். கீழே 'நடைப்பயிற்சிப் பூங்கா' என்று போட்டிருந்தது.

மருதம்மாள் அலையாத இடம் இல்லை. நில அலுவலகத்தில், கம்பெனியைப் பாருங்கள் என்றார்கள். கம்பெனியில், ஒய்.பி.யைப் பாருங்கள் என்றார்கள். சட்டமன்ற உறுப்பினரை அந்த வட்டாரத்தில் ஒய்.பி. என்றுதான் சொல்வார்கள். ஒய்.பி. அலுவலகத்தில் ஒரு பையன் மட்டும் இருந்தான்.

"ஒய்.பி. ஆபீசுக்கெல்லாம் வர மாட்டாரும்மா. விழாவுக்குத்தான் வருவாரு."

"அப்ப நாங்க எங்கய்யா போயிப் பாக்குறது?"

"நீங்களும் ஒரு விழா வைங்க."

அவன் கேலி பண்ணவில்லை. உண்மையைத்தான் சொன்னான்.

அந்தச் சமயம் பார்த்து லோகேந்திரனின் வெள்ளைக் கார் லயத்து வாசலில் வந்து நின்றது. மன்றம் வாத்தியம் இல்லாமல், குரலை மட்டும் வைத்துப் பெரிய நிகழ்ச்சி நடத்தப் போகிறது. முதல் பாதி நவீனச் செவ்வியல், இரண்டாம் பாதி புத்தாக்கம். புத்தாக்கத்தில் தோட்டத்தைப் பற்றி ஒன்று இருக்கிறது. அதற்கு அசல் தோட்டக் குரல்கள் தேவைப்படுகின்றன என்றார்.

"உங்கட குரல் மண்ணின்ட குரல், அம்மா. பயிற்சி பெற்ற ஆக்களால அதை எடுக்க ஏலாது. நாங்கள் முயற்சி செய்து பாத்தனாங்கள். அவையளுக்கு நல்லாப் பாட வந்திட்டுது."

"ஒய்.பி. வருவாருங்களா ஐயா?"

"முன்வரிசையில நடுவில."

"அவருகிட்ட நான் ரெண்டு வார்த்தை பேசணும்."

லோகேந்திரன் மார்பில் கை வைத்தார். "மேடையிலேயே பேசலாம். மன்றத்தின்ட வாக்கு."

இப்படித்தான் மருதம்மாள் பாடகி ஆனாள்.

புத்தாக்கத்தைச் செய்தவள் தாரா. பினாங்குக்காரி, வெளிநாட்டில் இசை படித்தவள், சின்ன வயசு. தோட்டத்துக்கு வந்து, லயத்தின் சிமெண்டுப் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரட்டு என்றால் என்ன என்று கேட்டாள். மருதம்மாள் சொன்னாள். விடியாத இருட்டில் ஆபீசுக்கு முன்னால் எல்லாரும் வந்து நிற்க வேண்டும். கங்காணி மாதிரி வேலை வாங்கும் மண்டோர் பேரைக் கூப்பிடுவார். இருக்கிறவன் "இருக்கேன்" என்பான். அப்போதுதான் அன்றைய கூலி விழும்.

"வராதவங்க பேரைக் கூப்பிட்டா?"

"பக்கத்து வீட்டுக்காரவங்க பதில் சொல்லுவாங்கம்மா. 'பின்னால வர்றாரு'ன்னு. அப்படிச் சொல்லிட்டா மண்டோரு காத்துக்கிட்டு இருக்கணும். அது மொறை. யாருமே சொல்லலைன்னா அந்த ஆளு அன்னைக்கு இல்ல."

மருதம்மாளும் மண்டோராக இருந்தவள்தான். மருந்தடிக்கும் பெண்களுக்கு மண்டோர். மேட்டில் நின்று கூப்பிட்டால் பள்ளத்தில் முதுகில் மருந்து டின் சுமந்து நிற்கிறவளுக்குக் கேட்க வேண்டும். குரல் அப்படி வளர்ந்தது. ஆனால் மண்டோருக்கு ஒரு கட்டு உண்டு: தன் வீட்டு ஆளுக்குத் தானே பதில் சொல்லக் கூடாது. சொன்னால், மண்டோர் தன் வீட்டுக்குக் கூலி போட்டுக்கொண்டாள் என்று லயமே காறித் துப்பும். மணியம் பிந்தி வந்த நாளில் எல்லாம் பக்கத்து வீட்டுச் சின்னையாதான் "பின்னால வர்றாரு" என்று சத்தம் கொடுப்பார்.

தாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆண்ட்டி, இதான் பாட்டு. இத அப்படியே செய்யலாம். நீங்க பேரக் கூப்பிடுங்க. அவங்க பதில் சொல்லட்டும்."

நல்ல பெண். நல்ல பெண்களால் செயற்குழுவில் என்ன செய்ய முடியும் என்பதைப் பிறகு பார்க்கப் போகிறோம்.

மழைத் தீர்மானத்துக்குப் பிறகு மன்றத்துக்குப் பொறுப்பு கூடிவிட்டது. எது வாத்தியம் என்று தேடத் தேட வாத்தியம் பெருகியது. வளையல் வாத்தியம், கழற்றச் சொன்னார்கள். மெட்டி, மரத்தரையில் பட்டால் வாத்தியம்; கழற்றச் சொன்னார்கள். லோகேஸ்வரி நேராகவே கேட்டாள்:

"தாலியாச்சும் போட்டுக்கலாங்களா ஐயா?"

"அது துணைக்குழுவின் ஆலோசனையில இருக்கு."

துணைக்குழு அடுத்த வாரம் அறிக்கை தந்தது. தாலி பண்பாடு, ஆகவே அனுமதி உண்டு. ஆனால் ரவிக்கையோடு ஊசி போட்டுக் குத்தியிருக்க வேண்டும். மருதம்மாளைப் போல் தாலி இல்லாதவர்கள் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவர்.

அறிக்கையை வாசித்தபோது லோகேந்திரன் மருதம்மாளைப் பார்த்துப் பாராட்டாகத் தலையசைத்தார். அவள் என்ன செய்வது என்று தெரியாமல் தானும் தலையசைத்தாள்.

பல்லி கத்தினால் என்ன செய்வது என்று பூச்சிமருந்துக்காரனை வரவழைத்தார்கள். இருமல்காரர்கள் பின்வரிசைக்குப் போனார்கள். பிறகு வெளியே போனார்கள். வேசம் வந்தது. தோட்டக் குரல்கள் தோட்ட உடையில் நிற்க வேண்டுமாம். தலையில் விளக்கு, இடுப்பில் கைலி, கையில் பால் வாளி.

"ஐயா, நாங்க பால்மரம் வெட்டுனதே இல்லீங்க," என்றாள் மருதம்மாள். "எங்க தோட்டத்துல எங்க மாமியா காலத்துலயே செம்பனை வந்திருச்சி."

"மக்களுக்குத் தோட்டம் எண்டால் ரப்பர்தான் தெரியும் அம்மா. அவையளைக் குழப்பப்படாது."

வாளி ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வந்தது. வாளிக்குள் பஞ்சு திணித்தார்கள். பஞ்சு திணித்த வாளியோடு, காலில் மெட்டி இல்லாமல், கையில் வளையல் இல்லாமல், தலையில் எரியாத விளக்கோடு ஆறாங்கட்டைப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எரியாத விளக்கு ஏனென்றால், எரிந்தால் அது லேசாக ரீங்கரித்தது.

"சாமி ஊர்வலத்துக்குப் பொம்மை கட்டுன மாதிரி இருக்குலா நம்மள," என்றாள் லோகேஸ்வரி.

முதல் பாதியின் நவீனச் செவ்வியலை நகரத்துக் குழு பாடியது. நவீனச் செவ்வியல் என்றால் என்ன என்று மருதம்மாள் ஒருநாள் கேட்டாள். மன்றத் தலைவர், டத்தோ பட்டம் வாங்கிய சுகுமாரனே வந்து விளக்கினார்.

"காலத்தால் அழியாதது. ஆனால் அண்மையில் செய்யப்பட்டது."

"அழியாதுன்னு எப்படிங்கய்யா தெரியும்?"

"ஒவ்வொரு வருடமும் நாங்கள் பாடுகிறோமே."

செவ்வியலில் முதன்மையானது டத்தோவே இயற்றிய 'எழுச்சி'. அந்தப் பாட்டில் 'ஓ' என்ற ஒரே ஓர் எழுத்துதான். தாழ்வாக ஆரம்பித்து, நான்கு பிரிவாகப் பிரிந்து, நெடுநேரம் எழும். முதலில் அதற்கு வார்த்தைகள் இருந்தனவாம். புரிந்துவிடுகிறது என்று எடுத்துவிட்டார்களாம்.

சிக்கல் 'பெரட்டு' பாட்டில் வந்தது. தாரா ஆறாங்கட்டைத் தோட்டத்து நிஜப் பேர்களை வைத்திருந்தாள். செயற்குழுக் கூட்டத்துக்கு வீடமைப்பு நிறுவனத்தின் ஆளும் வந்திருந்தார். நிகழ்ச்சிக்கு அவர்கள்தான் புரவலர்கள். உயிரோடு இருப்பவர் அல்லது இறந்தவர் பேர் எதுவும் வேண்டாமே என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மன்றமும் மரியாதையாக ஒத்துக்கொண்டது. பேர் மாறியது: மாரன், சீரன், வீரன், தீரன்.

தாரா வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். "ஆண்ட்டி, நான் கேட்டுப் பாத்தேன். ஓசை நயம் இதுலதான் இருக்காம்."

"எங்க தோட்டத்துல இப்படி ஒருத்தனும் இல்லியேம்மா."

"அதுனாலதான் வச்சிருக்காங்க."

மருதம்மாள் அதை விட்டுவிட்டாள். அவளுக்குப் பாட்டு முக்கியம் இல்லை. பாட்டு முடிந்தபின் பேசப் போகும் ரெண்டு வார்த்தைதான் முக்கியம். சமைக்கும்போது, துவைக்கும்போது, பஸ்ஸில் வரும்போது அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'ஐயா, வீடு போனா போவுது. எங்க செத்தவங்க கெடக்குற மேட்டை மட்டும் தோண்டாம விட்டுருங்க.' அவ்வளவுதான்.

இந்த ரெண்டு வார்த்தையும் மன்றத்தில் படிப்படியாகக் கரைந்தது. முதலில் லோகேந்திரன், பேச்சுத் தமிழில் வேண்டாம், எழுத்துத் தமிழில் பேசச் சொன்னார். அவள் எழுத்துத் தமிழில் சொல்லிப் பழகினாள். பிறகு, கோரிக்கை மாதிரி இருக்கிறது, நன்றி மாதிரி சொல்ல முடியுமா என்றார். எதற்கு நன்றி என்று அவளுக்குத் தெரியவில்லை. நிகழ்ச்சிக்கு முதல்நாள் மறுபடி கூப்பிட்டார்.

"மருதம்மா, ஒரு சின்ன மாற்றம். நன்றியுரைக்குப் பிறகு ஒருத்தரும் பேசப்படாது எண்டது சபை ஒழுங்கு. நன்றியுரைக்கு முன்னம் பேசுறதுக்கு உங்களுக்குப் பதவி இல்லை. ஆகவே நீங்கள் மேடையில வந்து மௌனமா ஒரு வணக்கம் செய்யுங்கோ. அதிலேயே எல்லாம் அடங்கிவிடும்."

"வாக்குக் குடுத்தீங்களே ஐயா."

"வாக்கைத்தான் இப்ப வணக்கமா மாத்தியிருக்கிறம்."

திரும்பி வரும் பஸ்ஸில் லோகேஸ்வரி பொருமினாள். "வாக்காம் வாக்கு! நாளைக்குப் போவ வேணாம்க்கா. நமக்கு எதுக்கு இந்தக் கூத்து."

மருதம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேட்டுக்குக் கீழே நிறுவனம் ஏற்கெனவே சிவப்புக் கொடி நட்டிருந்தது.

"மூஞ்சியயாச்சும் பாத்துருவோம். ஒய்.பி. மூஞ்சிய," என்றாள்.

நிகழ்ச்சி ஊரின் பெரிய மண்டபத்தில். குளிர்சாதனம் உறுமுகிறது, அதுவும் வாத்தியமே என்று நிறுத்திவிட்டார்கள். மதியத்துக்கு மேல் அவசரமாக ஒரு திருத்தம் வந்தது: முதல் வரிசைக்கு மேலே உள்ள குளிர்சாதனம் வாத்தியம் ஆகாது. ஒய்.பி. அங்கே உட்கார்ந்தார். மற்றவர்கள் வேர்த்தார்கள். பின்வரிசைகள் காலியாகத் தெரியக் கூடாது என்று அடுக்குமாடிகளிலிருந்து பழைய ஆறாங்கட்டை ஜனங்களை பஸ் வைத்து அழைத்து வந்து நிரப்பியிருந்தார்கள். சின்னையாவின் மகன் தேவனும் வந்திருந்தான். மண்வாரி ஓட்டுகிறவன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

மன்றத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. பாடுகிறவர்களுக்கு ஒலிபெருக்கி கிடையாது. குரல் தூய்மையாக இருக்க வேண்டும். பேசுகிறவர்களுக்கு உண்டு.

டத்தோ சுகுமாரன் பேசினார்.

"நானும் தோட்டத்துப் பிள்ளைதான். என் தாய் பால்மரம் வெட்டி என்னைப் படிக்க வைத்தார். அந்தத் தோட்டத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அதனால்தான் அங்கே திரும்பிப் போக வேண்டிய அவசியமே எனக்கு ஏற்படவில்லை." கைதட்டு. "தோட்டங்கள் அழிகின்றன என்று சிலர் அழுகிறார்கள். தனித்தனியாக அழுகிறார்கள், அதில் சுருதி இல்லை. அதையே நான்கு குரலில் சேர்ந்து அழுதால், அது கலை. அழிவது நம் கையில் இல்லை, அன்பர்களே. சுருதி நம் கையில்தான் இருக்கிறது."

பெரிய கைதட்டு. கைதட்டு வாத்தியமா என்ற கேள்வி துணைக்குழுவில் நிலுவையில் இருந்தது. பேச்சுக்குத் தட்டலாம் என்று இடைக்காலத் தீர்வு.

'எழுச்சி' எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது. பின்வரிசையில் ஒரு கைக்குழந்தை அதே சுருதியில் சேர்ந்துகொண்டு 'ஓ' என்றது. தொண்டர்கள் ஓடிப்போய்த் தாயையும் குழந்தையையும் வெளியேற்றினார்கள். பதிவு செய்யாத குரல்.

இரண்டாம் பாதியில் ஆறாங்கட்டைப் பெண்களை மேடையில் ஏற்றினார்கள். மருதம்மாள் முன்னால், மற்றவர்கள் பின்னால். தாரா ஓரத்தில் நின்று கையை உயர்த்தினாள். விளக்கெல்லாம் அணைந்து, மருதம்மாளின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் விழுந்தது. எதிரே கும்மிருட்டு. அந்த இருட்டுக்குள் ஜனங்கள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எங்கோ பின்னால் ஒருவர் இருமினார்.

பெரட்டுதான். அப்படியே பெரட்டு. விடியாத இருட்டு, நிற்கும் ஜனம், இருமல்.

தாராவின் கை இறங்கியது. மாரன் என்று சொல்ல வேண்டும். மருதம்மாள் வாயைத் திறந்தாள். இல்லாத ஒருத்தனைப் பெரட்டில் நின்று கூப்பிட அவள் வாய்க்குப் பழக்கம் இல்லை. வயிற்றிலிருந்து வந்தது:

"இருளப்பன்!"

இருளப்பன் லோகேஸ்வரியின் மாமனார். மேட்டில் முதல் வரிசையில் கிடக்கிறார். பின்னால் நின்ற லோகேஸ்வரி யோசிக்கவே இல்லை. சின்ன மருமகளாக வந்த நாளிலிருந்து பெரட்டில் நின்ற வாய்.

"பின்னால வர்றாரு மண்டோரு!"

தாரா திகைத்துப் பார்த்தாள். கையை மெல்லப் பின்னால் கட்டிக்கொண்டாள். நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டவில்லை. மேடையோரம் லோகேந்திரன் காகிதத்தைப் புரட்டினார், காகிதம் சரசரத்தது, அது வாத்தியமோ என்று பயந்து அப்படியே விறைத்து நின்றார்.

"சின்னையா!"

மேடையில் யாரும் பதில் சொல்லவில்லை. மண்டபத்தின் கடைசி இருட்டிலிருந்து ஓர் ஆண்குரல் உடைந்துகொண்டு வந்தது. தேவன்.

"அப்பா... பின்னால வர்றாருக்கா!"

அதற்குப் பிறகு மருதம்மாள் நிற்கவில்லை. மேடு முழுக்க எந்த வரிசையில் யார் கிடக்கிறார்கள் என்று அவளுக்குக் கண்ணுக்குள் இருந்தது. பிரசவத்தில் போனவள், பாம்பு கடித்தவன், மருந்து குடித்தவள், வயசாகிச் செத்தவர்கள். கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் இருட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வந்தது. வர்றாங்க. பின்னால வர்றாங்க. வந்துக்கிட்டு இருக்காங்க. சிலர் எழுந்து நின்று சொன்னார்கள். சிலர் சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். வாத்தியம் ஒன்றும் இல்லை.

கடைசியில், "மணியம்!"

யாரும் பேசவில்லை.

மணியத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து வீட்டுச் சின்னையா. அவரும் மணியத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறார். மருதம்மாள் மண்டோர், அவள் சொல்லக் கூடாது. அவள் காத்திருந்தாள். யாராவது சொல்லுங்கள், யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். லோகேஸ்வரி பஞ்சு வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நிசப்தம் முன்வரிசைக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒய்.பி. முடிந்துவிட்டது என்று எண்ணி எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் அவர் வரிசை எழுந்தது. வரிசை எழுந்ததால் மண்டபம் எழுந்தது. மணியத்தின் பேர் பதில் இல்லாமலே கைதட்டலில் மூழ்கிப்போனது.

ஒய்.பி. மேடையேறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உண்மையிலேயே ஈரம் இருந்தது.

"இந்த ஒரு தோட்டத்திலேயே இவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். செத்தவர்களை நான் என்றைக்கும் கைவிட மாட்டேன். உயிரோடு இருப்பவர்களையும் படிப்படியாகக் கவனிப்போம்." புரவலர் பக்கம் திரும்பினார். "இப்போதுதான் நிறுவனத்தாரோடு பேசினேன். பெரிய மனசு அவர்களுக்கு. புதிய வீடமைப்பின் நுழைவாயிலில் ஒரு பளிங்குச் சுவர். இந்தப் பேர்கள் அனைத்தும் தங்க எழுத்தில். இனி இவர்களுக்கு நிரந்தரமான இடம் கிடைத்துவிட்டது. ஆகவே அந்த மேட்டைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. திங்கட்கிழமையே வேலை தொடங்கும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. மருதம்மாளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்போது ஒய்.பி.யின் முகம் ஒரு முழத்தில் இருந்தது. இதற்காகத்தான் வந்தாள். ஒலிவாங்கியின் பக்கம் வாயைக் கொண்டுபோனாள்.

"ஐயா, பேரு வேணாங்கய்யா. மண்ணு..."

ஒலிபெருக்கி செத்தது. விதி தெரிந்த தொண்டர் ஓடிப்போய் அணைத்துவிட்டார். அவள் பாடகி அல்லவா. ஆனால் பள்ளத்துக்குக் கேட்கும் குரலுக்கு ஒலிபெருக்கி எதற்கு.

"மண்ணத் தோண்டாதீங்கய்யா! பேர எங்க வேணும்னாலும் எழுதிக்குங்க, அவங்களத் தோண்டாதீங்க!"

கடைசி வரிசைவரை கேட்டது. எல்லாருக்கும் கேட்டது. ஒய்.பி. டத்தோ பக்கம் சாய்ந்தார்.

"நல்ல குரல்," என்றார்.

"அசல்," என்றார் டத்தோ.

திங்கட்கிழமை காலையில் மண்வாரி இயந்திரம் மேட்டுப் பாதையில் ஏறியது. கடைசி லயத்துப் பெண்கள் குறுக்கே போய் நின்றார்கள். அடுக்குமாடியிலிருந்து சிலர் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். இயந்திரத்தின் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தது தேவன்.

"டேய், உங்கப்பன் கெடக்குறான்டா இங்க!" என்று லோகேஸ்வரி கத்தினாள்.

தேவன் கண்ணாடியைத் திறந்தான். கண் சிவந்திருந்தது. "தெரியும்க்கா. கான்ட்ராக்ட்காரன் எடம் சொல்லலை. ஏறி வந்த பெறகுதான் பாக்குறேன்."

"அப்ப எறங்குடா!"

"எறங்குனா வேற ஆள ஏத்துவான். நான் ஒக்காந்திருக்கிற வரைக்கும் வேற ஆளு வர மாட்டான்." இயந்திரத்தைத் தட்டினான். "எஞ்சினை நிறுத்துனா சூப்பர்வைசர் ஓடி வருவான். அதான் ஓட விட்டுருக்கேன். முன்னால போக மாட்டேன்க்கா."

"எம்புட்டு நேரத்துக்குடா?"

அவன் நெம்புகோலிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். இயந்திரம் நின்ற இடத்திலேயே நின்று உறுமியது. அதன் இரும்புக் கை மேட்டுக்கு மேலே நீட்டியபடி இருந்தது.

மருதம்மாளின் கைத்தொலைபேசி அடித்தது. லோகேந்திரன்.

"மருதம்மா! சந்தோசமான செய்தி. கோலாலம்பூர் விழாவுக்கு எங்கட 'பெரட்டு' தெரிவாகியிருக்கு. தெரிவுக்குழு ஆக்கள் இப்ப என்னோட இருக்கினம், அவையளும் கேட்டுக்கொண்டு இருக்கினம். ஒரே ஒரு பேர் கூப்பிட்டுக் காட்டுங்கோ. சும்மா, மாதிரிக்கு."

மருதம்மாள் இயந்திரத்தைப் பார்த்தாள். அதன் இரும்புக் கை நீண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே இரண்டு மண்மேடுகள், பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி. தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து முன்னால் நீட்டினாள்.

"மணியம்!"

இந்தத் தடவை லோகேஸ்வரி முகத்தைக் கவிழ்க்கவில்லை, வாயைத் திறந்தாள். அவள் மட்டும் இல்லை. குறுக்கே நின்ற எல்லாரும், கூண்டுக்குள்ளிருந்து தேவனும், ஒரே குரலில் சொன்னார்கள்:

"பின்னால வர்றாரு மண்டோரு!"

தொலைபேசியில் கொஞ்ச நேரம் யாரோ குசுகுசுவென்று பேசிக்கொள்வது கேட்டது. பிறகு லோகேந்திரன் தொண்டையைக் கனைத்தார்.

"அருமை, மருதம்மா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஆனால் பின்னுக்கு ஏதோ ஒரு வாத்தியம் கேக்குது. கனமான வாத்தியம். எங்கட விதி உங்களுக்குத் தெரியும்தானே. தயவு செய்து அதை நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"நானும் அதத்தான் ஐயா சொல்லிக்கிட்டிருக்கேன்," என்றாள் மருதம்மாள்.